பலகை மாட்டாத பஸ்

முப்பத்தொரு பாகங்கள் போட்டாயிற்று.
கேட்பவர்கள் பதினோரு பேர்.
அதில் ஒன்று நான், இன்னொரு போனில்.
ஒன்று அற்புதராஜின் மச்சினன்.
அவனும் தூக்கம் வரத்தான் கேட்கிறானாம்.

எங்கள் பாட்காஸ்டில் ஒரே ஒரு கேள்விதான்:
வீட்டுக்குள் தண்ணீர் வந்த இரவு
முதலில் எதை எடுத்தீர்கள்?
கடலூரில் யாரைக் கேட்டாலும் பதில் உண்டு.
குடிகாட்டிலிருந்து குண்டு உப்பலவாடி வரை
மைக்கை நீட்டியிருக்கிறோம்.
யாரும் யோசிப்பதில்லை.
கைக்கு ஞாபகம் இருக்கிறது.

பேர் வைத்தது நான்:
'ஆறு பூஜ்யம் ஏழு.'
ஊர்ப் பின்கோடின் முதல் மூன்று எண்.
எத்தனை அழகு என்று அன்றைக்கு நினைத்தேன்.
தபால்காரரைத் தவிர
அதை யார் தேடப்போகிறார்கள்?

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில்
ஒரு சாயங்காலம் பார்த்தேன்.
பலகை மாட்டாத பஸ் ஒன்று.
இன்ஜின் உறுமுகிறது, லைட் எரிகிறது,
சீட்டெல்லாம் காலி.
பக்கத்தில் 'பண்ருட்டி' என்று எழுதிய டப்பா வண்டியில்
படிக்கட்டு வரை ஆள்.
கண்டக்டர் டீ கிளாஸை வைத்துவிட்டு வந்து
பலகையை மாட்டினார்: விருத்தாசலம்.
அவ்வளவுதான்.
கட்டைப்பையும் கைப்பிள்ளையுமாக
எங்கிருந்துதான் வந்தார்களோ.
இல்லை,
இவ்வளவு நேரமும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள்.

அன்றிரவே உட்கார்ந்தோம்,
இம்பீரியல் ரோட்டில் அவனுடைய ரீசார்ஜ் கடையில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு.
'பாகம் ஏழு' என்பதை அழித்து
'தையல் மெஷினைத் தலையில் வைத்து
விடியும்வரை நின்றவர்' என்று எழுதினோம்.
'பாகம் பன்னிரண்டு: ஓர் உரையாடல்.'
எந்த உரையாடல், யாரோடு, எதற்கு?
'கல்யாண ஆல்பத்தை விட்டார்,
கரண்ட் பில்லை எடுத்தார்.'

படத்தையும் மாற்றினோம்.
சில்வர் பீச்சில் சூரியன் உதிப்பது
எல்லோர் போனிலும் இருக்கிறது.
இப்போது ஒரு சுவர்,
அதில் தண்ணீர் நின்று போன கோடு,
இடுப்பளவுக்கு.

ஒவ்வொரு பாகத்திலும் முதல் நாலு நிமிஷம்
வணக்கமும் இசையும் நாங்கள் யாரென்ற பெருமையும்.
வெட்டினோம்.
இப்போது எடுத்த எடுப்பில் பர்வீன் அக்கா சொல்கிறார்:
"கோழியத்தான்."

கடைசியில் விவரக் குறிப்பு.
அதை அடித்தது அற்புதராஜ்.
அவன் போனுக்கு எங்கள் ஊர் தெரியாது போல.
கடலூர் என்று அடித்த இடமெல்லாம்
கூடலூர், கூடலூர் என்று திருத்தி வைத்திருக்கிறது.
பாகத்துக்கு ஒன்றாக முப்பத்தொரு இடம்.
ஒரு வருஷமாக நீலகிரியில் உட்கார்ந்து
கடல் ஏறிவந்த கதை சொல்லியிருக்கிறோம்.
கடலைத் தூக்கி மலையில் வைத்தவனே என்று
வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.
முப்பதாவதில் இருந்தபோது
ஒரு வாய்ஸ் மெசேஜ்.

மரியசெல்வியாம்.
கூடலூரில் தேயிலை பறிக்கிறவர்.
அந்தக் கூடலூர்.
"எங்கூரு மழைன்னு தேடினேங்க, நீங்க வந்தீங்க.
ஊரு வேறன்னு மூணாவதுலயே தெரிஞ்சிருச்சு,
கடல் சத்தம் கேக்குதுல்ல.
இருந்தாலும் எல்லாத்தையும் கேட்டேன்,
கொழுந்து கிள்ளிக்கிட்டே.
எங்க லயத்துல மண்ணு சரிஞ்சப்போ
நான் எடுத்தது குக்கர் விசிலு.
குக்கரை விட்டுட்டேன்.
ஏன்னு கேக்காதீங்க."

அற்புதராஜ் என் பக்கம் திரும்பவில்லை.
சிரிப்பை அடக்குகிறான் என்று
முதுகே சொன்னது.

முப்பத்தொன்றாவது கூடலூரை அப்படியே விட்டிருக்கிறேன்.
பிழை என்று யாராவது சொன்னால்
ஆமாம், பிழைதான்.

பாட்காஸ்ட்டுக்கும் பேர் மாற்றியாயிற்று:
'வெள்ளத்தில் எதை எடுத்தீர்கள்? கடலூர்.'
அழகில்லை. பலகைக்கு எதற்கு அழகு.

முப்பத்திரண்டாம் பாகம் நாளைக்கு வருகிறது:
'குக்கரை விட்டு விசிலை எடுத்தவர்.'
எங்கோ ஒரு சமையலறையில்
விசில் தொலைத்த யாரோ,
புதிது என்ன விலை என்று தேடி
வழி தவறி
வரட்டும்.